கப்பல் நிக்கிறது எட்டு மணி நேரம், இறங்குறது இருபத்திரண்டு பேர்

லண்டனில் இருக்கும் அண்ணன் மகன் போன வாரம் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருந்தான். துபாயிலிருந்து சிங்கப்பூர் போகிற கப்பலில் கிள்ளான், சிங்கப்பூர், லண்டன் என்று மூணு ஊர் சொந்தமும் ஒண்ணா வருகிறார்கள். 76 வயசு பெரியம்மாவில் ஆரம்பித்து நாலு வயசு வாண்டு வரை மொத்தம் 22 டிக்கெட். ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மும்பையில் கப்பல் கட்டுவார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு அவிழ்த்துவிடுவார்கள். "சித்தப்பா, பிளான் ஓகேவான்னு பாருங்க" என்று ஒரு வரி.

பார்த்தேன். கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபண்டா குகை, மரைன் டிரைவ், ஹாஜி அலி, மாட்டுங்காவில் சாப்பாடு, தாராவி ஸ்லம் டூர் ஒரு மணி நேரம், செம்பூர் முருகன் கோயில், நடுவில் ஷாப்பிங். கடைசி வரியில் சின்ன எழுத்தில், "மாமா தாத்தா வீடு: 20 நிமிடம் (நேரம் இருந்தால்)".

பேங்கில் இருபது வருஷமா லோன் ஃபைல் பார்க்கிறவன் நான். இந்த மாதிரி புராஜெக்ட் ரிப்போர்ட் ஏகப்பட்டது பார்த்தாச்சு. வரவுப் பக்கம் ஜொலிக்கும், செலவுப் பக்கத்தை மட்டும் காணோம். அதனால் பி.காம். படித்த பாவத்துக்கு நானே கணக்குப் போட்டேன்.

எட்டு மணிக்கு கப்பல் வந்தால் எட்டு மணிக்கு நாம் ரோட்டில் நிற்க முடியாது. இமிகிரேஷன், கஸ்டம்ஸ், கப்பலை விட்டு இறங்கும் வரிசை. 22 பேரும் துறைமுக கேட்டுக்கு வெளியே வர ஒன்பதரை என்று வையுங்கள். நாலு மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு மூணு மணிக்கே உள்ளே இருக்கணும், அதுக்கு ரெண்டேகாலுக்கு கேட்டில் நிற்கணும். ஆக நாலே முக்கால் மணி நேரம். போக வர மும்பை டிராஃபிக்குக்கு ஒன்றரை மணி நேரத்தைக் கழியுங்கள். மிச்சம் மூணு மணி நேரம் சொச்சம். எலிஃபண்டாவுக்குப் படகில் போக மட்டுமே ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம், அப்புறம் மலைப்படி வேற. முதல் கோடு அதுக்குத்தான் அடித்தேன்.

இன்னொரு கழித்தலும் இருக்கு, அதை யாரும் ஷீட்டில் போடுவதில்லை. 22 பேரை ஒரே வண்டியில் ஏற்றி ஒரு இடத்தில் இறக்கினால், பார்க்க ஆரம்பிக்கும் முன்னாடியே இருபது நிமிஷம் போயிடும். ஒருத்தருக்கு டாய்லெட், ஒருத்தருக்கு செருப்பு, ஒருத்தர் போனை சீட்டிலேயே விட்டிருப்பார், அப்புறம் தலை எண்ணணும். நாலு இடம் என்றால் எண்பது நிமிஷம் இதிலேயே அவுட்!

நம்ம ஆட்களுக்கு "எல்லாரும் சேர்ந்தே போவோம்" என்பது கிட்டத்தட்ட வேதவாக்கு. பிரிஞ்சு போனால் ஏதோ பாகப்பிரிவினை நடந்த மாதிரி முகம் சுருங்கும். என் கட்சி நேர் எதிர். கப்பலில் பத்து நாள் ஒண்ணாத்தானே இருக்கப் போறீங்க? மூணு வேளையும் ஒரே டேபிளில்தானே சாப்பாடு? கரையில் இருக்கும் எட்டு மணி நேரமாவது பிரிஞ்சு போங்க.

மூணு கூட்டமாகப் பிரித்தேன். இளசுகள் துறைமுகத்துப் பக்கமே சுத்தட்டும். கப்பல் நிற்பது பல்லார்ட் பியரில். 1924-ல் திறந்த கேட்வே அங்கிருந்து டாக்சியில் எட்டிப் பிடிக்கிற தூரம். யுனெஸ்கோ பட்டியலில் 2004-ல் சேர்ந்த சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனும் பக்கம்தான். கேட்வேயைக் கட்டிய ஜார்ஜ் விட்டெட்தான் பல்லார்ட் எஸ்டேட்டையும் வடிவமைத்தவர் என்பதால், வாசலிலேயே பாதி சுற்றுலா முடிஞ்சிடும். பதினோரு மணிக்கு மேல் ஆபீஸ் கூட்டம் குறைந்ததும் சி.எஸ்.எம்.டி.யில் ஸ்லோ லோக்கல் பிடித்து மாட்டுங்கா வந்தால், ஸ்டேஷன் பக்கத்திலேயே ராம நாயக் உடுப்பி, 1942-லிருந்து நடக்கிற சாப்பாட்டுக் கடை. கியூ நீளமாக இருந்தால் பிடிவாதம் பிடிக்காமல் வேற கடை பாருங்க, மாட்டுங்காவில் இட்லிக்கா பஞ்சம்?

குழந்தைகளும் அவங்களைப் பெத்தவங்களுமாகப் பத்து பேர் செம்பூரில் எங்க வீட்டுக்கு. ஈஸ்டர்ன் ஃப்ரீவே 2013-ல் திறந்த பிறகு துறைமுகத்திலிருந்து செம்பூர் ரோடு நல்லா இருந்தால் அரை மணி நேரம். அதுக்கு முன்னாடி மாட்டிக்கிட்டு விழித்தவங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சேடா நகர் முருகனைப் பார்த்துட்டு வீட்டில் சாப்பிட்டு, வாண்டுகளைக் கொஞ்சம் தூங்க வைத்து, சுத்தமான டாய்லெட் போயிட்டுக் கிளம்பலாம். (22 பேருக்கும் சாம்பார் வைக்க வீட்டம்மா ரெடி. பத்துக்கு மேல் வேண்டாம்னு நான்தான் தடுத்தேன்.)

மூணாவது கூட்டம்தான் முக்கியம். பெரியம்மா பிறந்து வளர்ந்தது தாராவியில். அவங்க அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். 1970-ல் கல்யாணமாகி கிள்ளான் போனாங்க. தம்பி, அதாவது எங்க மாமா, இன்னும் அதே தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே தள்ளி, அதே வீட்டில். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அக்காவும் தம்பியும் நேரில் பார்த்து பதினாலு வருஷம் ஆச்சு. இந்த மனுஷருக்குத்தான் "நேரம் இருந்தால்" 20 நிமிஷம், முன்பின் தெரியாத சந்துகளைச் சுத்திப் பார்க்க ஒரு மணி நேரம்!

டூர் நடத்துறவங்களைக் குறை சொல்லவில்லை. ரியாலிட்டி டூர்ஸ் மாதிரி போட்டோ எடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு வைத்து நடத்துறவங்களும் இருக்காங்க. ஊருக்குப் புதுசா வர்றவங்க போகட்டும். ஆனா பாட்டி பிறந்த தெருவை டிக்கெட் வாங்கிக்கிட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கிட்டு ஏன் பார்க்கணும்? மாமா வீட்டுக்கு விருந்தாளியாப் போங்க.

அதுக்காக 22 பேரும் போகக் கூடாது. அந்தச் சந்தில் ரெண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. பத்துக்குப் பத்து ரூம், மேலே ஒரு மாடி. 22 பேர் வந்தால் அத்தை 22 கலர் வாங்கி வரச் சொல்லுவாங்க, பையன் அன்னைக்குக் கடைக்கு லீவு போடுவான், பக்கத்து வீட்டில் நாற்காலி கடன் வாங்குவாங்க. அந்தச் செலவும் எந்த ஷீட்டிலும் வராது. பெரியம்மா, அண்ணன், அண்ணி, கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போகப் பேத்தி, கூட நான். அஞ்சு பேர் போதும். மூணு மணி நேரமும் அங்கேதான். வேற ஸ்டாப் கிடையாது.

அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. மாமா உடம்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தாராவி மறுசீரமைப்பு டெண்டர் 2022-ல் அதானி குழுமத்துக்குப் போனது, 2024-ல் வீடு வீடா நம்பர் போட்டுக் கணக்கெடுக்க ஆரம்பிச்சாங்க. மாமா வீட்டுக் கதவிலும் நம்பர் விழுந்தாச்சு. 2000-க்கு முன்னாடியிருந்து தரைத்தளத்தில் இருக்கிறவங்களுக்கு 350 சதுர அடி ஃப்ளாட் என்கிறார்கள். வந்தால் நல்லதுதான், மாமாவும் லிஃப்ட் இருக்கான்னுதான் முதலில் கேட்டார். ஆனா பெரியம்மா தேடி வர்ற சந்து அப்போ இருக்காது.

சில்லறை விஷயங்கள் சில. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்க நாலு மணி நேரம் இறங்கினாலும் விசா வேணும். மும்பை துறைமுகத்தில் இ-விசா செல்லும், ஓ.சி.ஐ. கார்டு இருந்தால் கவலையில்லை. 22 பேரில் ஒருத்தர் விசாவை மறந்தால் அவங்க அம்மாவும் இறங்க மாட்டாங்க, இதையும் கணக்கில் வையுங்கள். கப்பல் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுதான்னு இறங்கும்போது கேட்டுக்குங்க. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். கப்பல்காரங்க ஏற்பாடு செய்த டூர் லேட்டானால் பெரும்பாலும் காத்திருப்பாங்க, நாமளா போனால் காத்திருக்க மாட்டாங்க. அதனால் எந்தக் கூட்டமும் இன்னொரு கூட்டத்துக்காக வழியில் நிற்கக் கூடாது, நேரா கேட்டுக்கு வந்துடணும். செலவுக்கு நூறு, இருநூறு நோட்டா நான் மாத்தி வைக்கிறேன். பீரோவில் கிடக்கும் 2000 ரூபாய் நோட்டைத் தூக்கிட்டு வராதீங்க. ரிசர்வ் வங்கி 2023 மே மாதமே திரும்பப் பெறுவதாக அறிவிச்சாச்சு, கடையில் வாங்க மாட்டாங்க.

புது ஷீட்டைப் பார்த்துட்டு அண்ணன் மகன் கேட்டது ஒண்ணுதான்: மாமா தாத்தாவுக்கு என்ன வாங்கிட்டு வர்றது, சாக்லேட்டா, பழமா? ரெண்டும் வேண்டாம்பா, டயாலிசிஸ்காரருக்கு பொட்டாசியம் ஆகாது. கிள்ளான் வீட்டில் பெரியம்மாவின் கல்யாண போட்டோ இருக்கு, மாமா அரை டிராயரோட ஓரமா நிற்பார். அதைப் பெரிசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க.