பாத்திரம் கழுவும் தண்ணீரிலும் அறிவியல் உண்டு

"பரப்பு இழுவிசை என்றால் என்ன?" என்று கேளுங்கள். மாணவர் பலர் வரையறையை மூச்சு விடாமல் ஒப்பிப்பர். "அதை நீ அளந்து பார்த்ததுண்டா?" என்று கேட்டால், "எங்கள் பள்ளியில் அதற்குக் கருவி இல்லையே" என்பதே பதில்.

கருவி இல்லாததுதான் தடையா? இல்லை என்பதே என் கருத்து. அதற்குச் சான்று, ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த அக்னெஸ் பொக்கெல்ஸ்.

1862-ல் பிறந்த இவருக்கு இயற்பியலில் மிகுந்த ஆர்வம். ஆனால் அக்காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக் கழகத்தில் சேர்ப்பதில்லை. அவர் வீட்டு வேலைகளைக் கவனித்து வந்தார். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சோப்பும் கலந்தால் நீரின் மேற்பரப்பு மாறுவது அவர் கண்ணில் பட்டது. சுமார் 70 செ.மீ. நீளமுள்ள தகரத் தொட்டியில் விளிம்பு வரை நீரை நிரப்பினார். குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, மேற்பரப்பைக் கூட்டிக் குறைத்தார். நீரைத் தொட்டுக் கொண்டிருக்கும் சிறு வட்டத் தட்டைப் பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசில் அளந்தார். 1891-ல் தம் முடிவுகளை இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவுக்கு எழுதினார். அவர் உதவியால் அக்கடிதம் அவ்வாண்டே 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னாளில் இவ்வகைத் தொட்டியைச் சீர்திருத்திப் பயன்படுத்திய லாங்மியூர், மேற்பரப்பு வேதியியல் ஆய்வுகளுக்காக 1932-ல் நோபல் பரிசு பெற்றார்.

அவர் அளந்த விசை எங்கிருந்து வருகிறது? நீரின் உள்ளே இருக்கும் மூலக்கூறை நாற்புறமும் உள்ள மூலக்கூறுகள் சமமாக இழுக்கின்றன. மேற்பரப்பில் உள்ளதற்கு மேலே துணை இல்லை. ஆகவே அது உள்நோக்கி இழுக்கப்படுகிறது. இதனால்தான் மேற்பரப்பு சுருங்க முயல்கிறது. சிறு துளி உருண்டை ஆகிறது. சோப்பு மூலக்கூறுகள் மேற்பரப்பில் வந்து நெருங்கி நின்று இந்த இழுப்பைத் தளர்த்தி விடுகின்றன.

இதை நீங்களும் அளக்கலாம். ஒரு சொட்டுக் குழாயும், 5 மி.லி. கோடு போட்ட இருமல் மருந்து மூடியும் போதும். குழாயை நேராகப் பிடித்து, கோடு வரை நிரம்ப எத்தனை சொட்டு நீர் வேண்டும் என எண்ணுங்கள். பிறகு அதே குழாயால் சோப்பு நீரை எண்ணுங்கள். சொட்டைக் குழாயின் வாயில் தாங்கி நிற்பது பரப்பு இழுவிசையே. சோப்பு நீரில் அது குறைவு, சொட்டு பெரிதாகும் முன்பே விழுந்து விடும், எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை இரு மடங்கானால், இழுவிசை ஏறக்குறையப் பாதி என்று பொருள். வெந்நீரில் என்ன ஆகும்? விடையை நான் சொல்லப் போவதில்லை. எண்ணிப் பாருங்கள்!

பள்ளிக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது மாணவரின் உரிமை; கேட்டுப் பெற வேண்டியது. பொக்கெல்ஸுக்குப் பல்கலைக் கழகக் கதவு திறந்திருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருப்பார். ஆனால் கதவு திறக்கும் வரை அவர் கைகட்டி நிற்கவில்லை. நாம் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?