எல்லார்க்கும் உரிய நாள்

ஜனவரி 26 என்றவுடன் இந்திய மாணவர் உள்ளத்தில் எழுவது குடியரசு நாள். தலைநகர் தில்லியில் நடைபெறும் அணிவகுப்பும், பள்ளி வளாகத்தில் ஏற்றப்படும் மூவண்ணக் கொடியும் அந்நாளின் அடையாளங்கள் ஆகும். இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் உள்ள ஆஸ்திரேலியாவும் இதே நாளைத்தான் தன் நாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. அங்கும் கொடி ஏற்றப்படுகிறது, வாணவேடிக்கை நிகழ்கிறது, பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் உறுதிமொழி கூறிக் குடியுரிமை பெறுகின்றனர். ஆனால், அதே நாளில் அந்நாட்டின் பெருநகரங்களில் வேறொரு கூட்டமும் திரள்கிறது. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் நிறங்கள் கொண்ட பழங்குடி மக்களின் கொடியை ஏந்திச் செல்லும் அக்கூட்டத்தினர், அந்நாளைப் 'படையெடுப்பு நாள்' என்றும் 'உயிர்பிழைத்த நாள்' என்றும் அழைக்கின்றனர்.

நாட்டு நாளை வேறொரு தேதிக்கு மாற்ற வேண்டுமா என்பது ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் விவாதமாகும். இரு தரப்பினரும் கூறுவனவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தால், மாற்றுவதே முறை என்பது விளங்கும்.

அந்நாளில் நிகழ்ந்தது

1787ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து 11 கப்பல்கள் புறப்பட்டன. சிறைக் கைதிகளைத் தொலைதூர நிலமொன்றில் குடியேற்றுவதே அப்பயணத்தின் நோக்கம். அக்கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் பிலிப், 1788 ஜனவரி 26 அன்று இன்றைய சிட்னி நகரம் அமைந்துள்ள கடற்கரையில் இறங்கி, பிரிட்டனின் கொடியை ஏற்றினார்.

அக்கரை ஆளற்ற கரை அன்று. காடிகல் என்னும் மக்கள் அங்கு வாழ்ந்து வந்தனர். ஆஸ்திரேலியக் கண்டத்தில் பழங்குடி மக்கள் 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகின்றனர். கொடி ஏற்றிய நாளில் அம்மக்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. உடன்படிக்கை எதுவும் செய்துகொள்ளவில்லை. அந்நிலம் யாருக்கும் உரியதன்று என்னும் கருத்தே பின்னர்ச் சட்டத்தின் அடிப்படை ஆயிற்று. எட்டி மாபோ என்பவரும் அவருடைய தீவைச் சேர்ந்தோரும் தொடுத்த வழக்கில், 1992ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அக்கருத்தைத் தவறு எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வருவதற்கு 204 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் அம்மக்கள் இழந்தவை பல. 1789ஆம் ஆண்டிலேயே சிட்னியைச் சூழ்ந்து வாழ்ந்தோரிடையே பெரியம்மை பரவிப் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. குடியேற்றம் விரிய விரிய நிலங்கள் பறிபோயின. மோதல்களில் பலர் கொல்லப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டில் பழங்குடிக் குழந்தைகள் பலர் அரசின் கொள்கையால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிகளிலும் பிறர் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டனர். அவர்களுள் பலருக்குத் தாய்மொழி பேசும் வாய்ப்பே இல்லாது போயிற்று. 1788இல் அக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. இன்று அவற்றுள் மிகச் சிலவற்றையே குழந்தைகள் வீட்டில் கேட்டு வளர்கின்றனர். குழந்தைகளைப் பிரித்த கொடுமைக்காக 2008 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டுப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

இத்தனைக்கும் தொடக்கமாக அம்மக்கள் காண்பது ஜனவரி 26ஆம் நாளையே ஆகும். வீட்டை இழந்தவரை அழைத்து, வீடு பறிபோன நாளிலேயே விருந்துண்ணச் சொல்வது எத்தகையதோ அத்தகையதே அந்நாளைக் கொண்டாடுமாறு அவர்களிடம் கூறுவதும்.

நெடுநாள் மரபா?

தேதியை மாற்றக் கூடாது என்போர் முதலில் எடுத்துக்காட்டுவது மரபு. அம்மரபு எவ்வளவு பழைமையானது என்பதை வரலாறு காட்டுகிறது. 1818இல் ஆளுநர் மக்குவாரி குடியேற்றத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவை விடுமுறை நாளாக அறிவித்தார். எனினும், அது நியூ சவுத் வேல்ஸ் என்னும் ஒரு குடியேற்றத்தின் விழாவாகவே இருந்தது. ஆறு குடியேற்றங்கள் ஒன்றிணைந்து ஆஸ்திரேலியா என்னும் நாடு உருவானது 1901 ஜனவரி 1 அன்றுதான். 'ஆஸ்திரேலியா நாள்' என்னும் பெயரை எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டது 1935ஆம் ஆண்டளவில். நாடு முழுவதும் ஜனவரி 26 அன்றே விடுமுறை விடும் வழக்கம் 1994இல்தான் நிலைபெற்றது. அதற்கு முன்னர் வார இறுதியை ஒட்டிய திங்கட்கிழமைக்கு விடுமுறையைத் தள்ளிவைப்பதும் உண்டு. ஆகவே, மாற்றவே இயலாத தொன்மை மரபு என இதனைக் கூறுவதற்கில்லை.

மறுப்புக் குரலோ அவ்வழக்கத்தினும் பழைமையானது. 1938 ஜனவரி 26 அன்று குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு விழா சிட்னியில் கொண்டாடப்பட்டது. அதே நாளில், அதே நகரில், ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன், வில்லியம் கூப்பர் முதலிய பழங்குடித் தலைவர்கள் ஒன்றுகூடி அந்நாளைத் துயர நாளாகக் கடைப்பிடித்தனர். முழுக் குடியுரிமையும் சமத்துவமும் வேண்டினர். 1972ஆம் ஆண்டு அதே நாளில் கான்பெராவில் நாடாளுமன்றத்தின் எதிரே பழங்குடி இளைஞர்கள் கூடாரம் அமைத்து நில உரிமை கேட்டனர். 1988இல் 200ஆம் ஆண்டு விழாவின்போது பல்லாயிரவர் சிட்னியில் பேரணி நடத்தினர்.

எதிர்த்தரப்பின் கேள்விகள்

மாற்றத்தை விரும்பாதவர்களின் வாதங்களையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. தேதியை மாற்றுவதால் பழங்குடி மக்களின் வாழ்வு உயர்ந்துவிடுமா என்று அவர்கள் கேட்கின்றனர். இது நியாயமான கேள்வியே. அந்நாட்டில் பழங்குடி மக்களின் சராசரி ஆயுள் பிறரைவிட ஏறத்தாழ 8 ஆண்டுகள் குறைவு. கல்வி, மருத்துவம், வேலைவாய்ப்பு ஆகியவற்றிலும் இடைவெளி உண்டு. நாட்காட்டியில் ஒரு மாற்றம் செய்துவிட்டு இவற்றை மறந்தால் அது வெறும் சடங்காகும். பழங்குடியினருள்ளும் சிலர் இக்காரணத்தால் தேதி மாற்றத்தைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஆயினும், ஒரு கடமை இருப்பதால் மற்றொரு கடமை இல்லாமற் போவதில்லை. மருத்துவமனை கட்டுவதற்கும் தேதியை மாற்றுவதற்கும் இடையே பகை எதுவும் இல்லை.

பெரும்பான்மையோர் இந்நாளையே விரும்புகின்றனர் என்பது அடுத்த வாதம். கருத்துக் கணிப்புகள் பலவும் அவ்வாறே காட்டியுள்ளன. ஆனால், மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காடாக உள்ள ஒரு மக்கள் இனம் எண்ணிக்கையால் எக்காலத்தும் வெல்ல இயலாது. அவர்களுக்கு நீதி கிடைப்பது பெரும்பான்மையோர் மனம் இரங்கினால் மட்டுமே. 2023 அக்டோபரில் பழங்குடியினர்க்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனை கூறும் அமைப்பை ஏற்படுத்தும் திட்டத்தை வாக்காளர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நிராகரித்தனர். அதே நாட்டில், 1967 மே 27 அன்று, அரசமைப்பில் பழங்குடியினரை ஒதுக்கிவைத்த பகுதிகளை நீக்குவதற்கு 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இசைந்து வாக்களித்தனர். பெரும்பான்மையோரின் கருத்து மாறக்கூடியது என்பதற்கு அவ்விரு வாக்கெடுப்புகளுமே சான்று.

புதிதாகக் குடியுரிமை பெறுவோரின் மகிழ்ச்சி கெடும் என்போரும் உளர். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று அங்கு வாழும் தமிழர் பலர்க்கு, உறுதிமொழி கூறிய நாள் வாழ்வில் மறக்கவொண்ணா நாளாகும். அம்மகிழ்ச்சி உண்மையானது. எனினும், அது உறுதிமொழியால் வந்ததேயன்றித் தேதியால் வந்ததன்று. 2017இல் மெல்பர்ன் நகரின் யாரா, டேர்பின் ஆகிய உள்ளாட்சி மன்றங்கள் ஜனவரி 26இல் குடியுரிமை விழா நடத்துவதில்லை என முடிவு செய்தபோது, அவ்விழாவை நடத்தும் உரிமையையே அரசு அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டது. அந்நாளுக்கு மூன்று நாள் முன்னரோ பின்னரோ விழாவை நடத்தலாம் என்றாயிற்று. வேறு நாளில் குடியுரிமை பெற்றவர் எவரும் குறைந்த குடிமகன் ஆகிவிடவில்லை. வந்து சேர்ந்தவர், தமக்கு முன்பே அங்கு வாழ்ந்தவரின் துயரை மதிப்பதும் நற்குடிமையின் பகுதியே ஆகும்.

தேர்ந்தெடுத்த நாள்

தேதிகள் தாமாக வருவதில்லை. மக்கள் அவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதற்கு இந்தியாவே சான்று. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு முழு விடுதலையே இலக்கு எனத் தீர்மானித்தது. அதன்படி 1930 ஜனவரி 26 விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது. அரசமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. ஆயினும், அது முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளாக இரண்டு மாதம் கழித்து ஜனவரி 26 குறிக்கப்பட்டது. விடுதலைக்காகச் சிறை சென்றோரின் நினைவு அந்நாளில் நிலைத்திருக்க வேண்டும் என்பதே காரணம். நாட்டு நாள் எதை நினைவூட்ட வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற தேதியை இந்தியா தேர்ந்தது.

ஆஸ்திரேலியாவுக்கும் அவ்வழி திறந்தே உள்ளது. நாடு ஒன்றிணைந்த ஜனவரி 1 பொருத்தமானது; ஆனால், அது முன்னரே புத்தாண்டு விடுமுறை. முதல் நாடாளுமன்றம் 1901இல் கூடிய மே 9 உண்டு. 1967 வாக்கெடுப்பு நிகழ்ந்த மே 27 உண்டு. பிந்தைய நாள், பழங்குடியினரும் ஏனையோரும் ஒரே பக்கம் நின்ற நாள் என்பதால் சிறப்புடையது. எந்நாளைத் தேர்ந்தாலும், பழங்குடி மக்களைக் கலந்து பேசியே தேர்தல் வேண்டும். அவர்களைக் கேளாமல் ஒரு கொடி ஏற்றப்பட்டதுதான் இச்சிக்கலின் தொடக்கம். அவர்களைக் கேளாமல் மற்றொரு நாளை அறிவிப்பது அத்தவற்றையே மீண்டும் செய்வதாகும்.

ஜனவரி 26ஐ நாட்காட்டியிலிருந்து அழிக்க வேண்டும் என எவரும் கூறவில்லை. அது நினைவு நாளாக நிலைத்து, பள்ளிகளில் அந்த வரலாறு கற்பிக்கப்படலாம். கொண்டாட்டத்திற்கு மட்டும், குடிமக்கள் எல்லாரும் தலைநிமிர்ந்து நிற்கத்தக்க வேறொரு நாள் வேண்டும்.