சாம்பல் இல்லாத அடுப்பு

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் நினைவு தினம். போர்களில் மாண்ட வீரர்களுக்கான விடுமுறை. நான் வசிக்கும் மிச்சிகன் புறநகரில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அக்டோபரிலிருந்து கறுப்பு உறைக்குள் பனியில் நின்றுகொண்டிருந்த கேஸ் கிரில்கள் பெரும்பாலும் அன்றுதான் உறை நீங்கி வெளியே வருகின்றன. காலை பதினோரு மணிக்குத் தெருவில் நடந்தால் கொல்லைக்குக் கொல்லை ஒரே வாசனை. ஆண்கள் கையில் இடுக்கியோடு நிற்கிறார்கள். ஆண்டு முழுவதும் சமையலறைப் பக்கமே போகாதவர்களும் அன்று சமையல்காரர்கள். நானும் அவர்களில் ஒருவன் என்பதால் இதை ஏளனமாகச் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்த அடுப்பைச் சுத்தம் செய்வது பற்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். விருந்தைப் பாடிய மரபு நம்முடையது. பொருநராற்றுப்படையில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி வருகிறது. அதை இரவும் பகலும் தின்று பல் மழுங்கிய பொருநனும் வருகிறான். அந்தக் கம்பியை மறுநாள் யார் தேய்த்தார்கள் என்று எந்தப் பாட்டிலும் நான் படித்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையை யாருமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் வீட்டுக் கொல்லையில் ஒருமுறை பார்த்துவிட்டேன்.

மூன்று கோடைகளுக்கு முன்னால் நடந்தது. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். தோலோடு கூடிய கோழித் தொடைகளைக் கம்பித்தட்டில் பரப்பி, மூடியைச் சாத்திவிட்டு, ஏதோ நாவலைப் பற்றிய விவாதத்தில் கலந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தபோது மூடியின் பின்புறத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் தீ எழும்பிக்கொண்டிருந்தது. எரிந்தது கோழி அன்று. அடுப்பின் அடித்தட்டில் இரண்டு வருடமாகச் சேர்ந்திருந்த கொழுப்பு. நண்பர் ஒருவர் தண்ணீர்க் குடுவையோடு ஓடி வந்தார். எரியும் கொழுப்பில் தண்ணீர் பட்டால் அது வெடித்துச் சிதறும் என்று என் மனைவி அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் திருகுகளையும் சிலிண்டரையும் மூடினேன். மூடியைத் திறக்காமல் எல்லோரும் தள்ளி நின்றோம். பத்து நிமிடங்களில் தீ தானாக அடங்கியது. யாருக்கும் காயமில்லை. வீட்டுச் சுவரின் வினைல் பலகை மட்டும் ஒரு முழம் அளவுக்கு உருகிச் சுருங்கிப்போனது. சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வைக்க வேண்டிய அடுப்பை நான் நான்கடியில் வைத்திருந்தேன்.

என்னை உறுத்தியது ஒன்றுதான். நான் சோம்பேறியாக இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கம்பித்தட்டைத் தேய்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த இடம் பளபளவென்று இருந்தது. அதைத்தான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரி அடுப்பு இப்படி ஏமாற்றாது. சிகாகோவில் மிதவைகள் செய்துவந்த வெபர் சகோதரர்கள் பட்டறையில் 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் மிதவையின் உருண்டை வடிவத்தைக் கொண்டு மூடியுள்ள கரி அடுப்பை உருவாக்கினார். அதில் சமைத்தால் சாம்பல் மிஞ்சும். அடியில் சாம்பல் சேர்ந்தால் காற்று புகாது; காற்று புகாவிட்டால் அடுத்த முறை கரி பற்றாது. அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க முடியும். எங்கள் ஊர் வீட்டில் விறகடுப்புக்கும் இதுவே விதி. அம்மா விடியலில் சாம்பலை அள்ளி, அடுப்பை மெழுகிய பிறகுதான் பாலை ஏற்றுவாள். சுத்தம் செய்வது சமையலுக்குப் பிந்திய வேலையாக அன்று இல்லை. சமையலின் முதல் வேலை அது.

1960களில் வீட்டுக் கொல்லைக்கு எரிவாயு வந்தது. திருகினால் தீ, திருப்பினால் அணைவு, சாம்பல் கிடையாது. இந்த வசதியைச் சொல்லித்தான் இன்றுவரை விற்கிறார்கள். சாம்பல் இல்லை என்பது உண்மை. அழுக்கு இல்லை என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட பொருள். கேஸ் கிரில் எவ்வளவு அழுக்கானாலும் முதல் திருகிலேயே பற்றிக்கொள்ளும். இரண்டு வருடம், மூன்று வருடம் பொறுத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் விருந்தாளிகள் முன்னால் கணக்கைக் கேட்கும். வசதி என்று நாம் அழைக்கும் பல பொருட்கள் இப்படித்தான் வேலையை நீக்காமல் தள்ளி மட்டும் வைக்கின்றன என்பது என் எண்ணம்.

இந்த அடுப்பின் சுவையும் அபாயமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. புரொப்பேன் வாயு எரிவதால் இறைச்சிக்குச் சொல்லத்தக்க சுவை எதுவும் சேர்வதில்லை. இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் பர்னர்களுக்கு மேலுள்ள சூடான தகடுகளில் விழுந்து புகையாகி மேலெழுகின்றன. நாம் விரும்பும் மணம் அதுதான். புகையாகாத மிச்சம் தகட்டில் கரியாகப் படியும். அல்லது வழிந்து அடித்தட்டுக்குப் போகும். மூடியின் உட்புறத்தில் உரிந்து தொங்கும் கறுப்புச் செதில்களைப் பெயின்ட் உரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது புகையும் கொழுப்பும் சேர்ந்து படிந்த கரி. கசக்கிய காகிதத்தால் துடைத்தாலே உதிர்ந்துவிடும்.

தீயின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நீலம் சரியான எரிதலுக்கு அடையாளம். நீண்டு தளும்பும் மஞ்சள் தீ தெரிந்தால் வாயுவுக்குப் போதிய காற்று கலக்கவில்லை என்று பொருள். காரணம் பெரும்பாலும் அடைப்பு. பனிக்காலத்தில் பர்னர் குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டுவது இங்கே சாதாரணம். வழி அடைபட்டால் வாயு பின்புறமாகத் திரும்பி, திருகுகளுக்கு அருகிலேயே பற்றிக்கொள்ளக்கூடும். சிலந்தியா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2011இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் 60,000க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. எரிபொருள் ஆவிக் குழாயில் மஞ்சள் பைச்சிலந்திகள் வலை கட்டியதே காரணம்.

இனி கம்பித் தூரிகை. இதில் என் கருத்து உறுதியானது: வீட்டில் இருந்தால் தூக்கி எறியுங்கள். பழைய தூரிகையிலிருந்து உதிரும் மெல்லிய உலோக இழை தட்டில் ஒட்டிக்கொண்டு உணவோடு தொண்டைக்குள்ளும் குடலுக்குள்ளும் போகிறது. 2011 மார்ச்சுக்கும் 2012 ஜூனுக்கும் இடையில் ரோட் ஐலண்டு மாநிலத்தின் ஒரே மருத்துவமனையில் இப்படி ஆறு பேர் சேர்க்கப்பட்டதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2012 ஜூலையில் வெளியிட்டது. 2002 முதல் 2014 வரை நாடு முழுவதும் சுமார் 1,700 பேர் இக்காரணத்தால் அவசரச் சிகிச்சைக்கு வந்திருப்பார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கோடிக்கணக்கானோர் சுட்டுத் தின்னும் நாட்டில் இது சிறிய எண்தான். ஆனால் மாற்று இவ்வளவு எளிதாக இருக்கும்போது அந்தச் சிறிய எண்ணில் ஒருவராக இருக்க என்ன அவசியம்? கசக்கி உருட்டிய அலுமினியத் தாளை இடுக்கியால் பிடித்துத் தேய்க்கலாம். மரச் சுரண்டி கிடைக்கிறது. சூடான தட்டில் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தாலும் போதும். எதனால் தேய்த்தாலும் கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

என் நண்பர்களில் ஒரு சாரார் எதிர்வாதம் ஒன்றை வைப்பார்கள். அழுக்குதான் ருசி, கழுவினால் போய்விடும் என்பது அவர்கள் கட்சி. இதில் பாதி உண்மை. வார்ப்பிரும்புத் தட்டில் எண்ணெய் தடவிச் சூடாக்கும்போது படியும் மெல்லிய கறுப்புப் படலம் தட்டைத் துருவிலிருந்து காக்கிறது. உணவு ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. நம் வீட்டுத் தோசைக்கல்லுக்கு உள்ள அதே பழக்கம்தான். அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் தோசைக்கல்லைப் பழக்கியவள் யாரும் அடுப்புக்கு அடியில் எண்ணெயைத் தேங்கவிட்டதில்லை. தட்டின் படலம் வேறு, தட்டுக்குக் கீழே நிற்கும் கொழுப்பு வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துச் சோம்பலுக்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. சமைத்து முடித்ததும் மூடியைச் சாத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் முழுத்தீயில் விட்டால் தட்டில் ஒட்டியது கரியாகிவிடும், தேய்த்தால் உதிரும். அடித்தட்டில் கொழுப்பு நிற்கும் நாளில் இதைச் செய்யக் கூடாது. என் வீட்டில் தீ எழுந்ததும் அப்படியொரு தட்டுக்கு மேல்தான். பருவத்துக்கு இருமுறையாவது சிலிண்டரைக் கழற்றி, எல்லாம் ஆறிய பின் தட்டுகளையும் தகடுகளையும் வெளியே எடுத்து, பெட்டியை மேலிருந்து கீழாகச் சுரண்டி, அடித்தட்டைக் காலி செய்து சோப்பு நீரில் கழுவ வேண்டும். பர்னரின் துளைகளைக் குழாயின் நீளவாக்கில் தேய்க்காமல் குறுக்காகத் தேய்த்தால் அழுக்கு உள்ளே போகாது. அலுமினியப் பெட்டிக்குக் காரமான அவன் துப்புரவுத் திரவம் ஆகாது, உலோகத்தை அரித்துவிடும். மறுபடி பூட்டிய பின் திருகுகள் மூடியிருக்க, சிலிண்டரை மட்டும் திறந்து, இணைப்புகளிலும் ரப்பர் குழாயிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மூடிய பெட்டிக்குள் தேங்கி நின்று ஒரே வெடிப்பாகப் பற்றும்.

அமெரிக்காவில் கிரில்லால் நேரும் வீட்டுத் தீவிபத்துகள் உச்சத்தைத் தொடுவது ஜூலையில். அதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்றாகத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் சொல்வது அடுப்பைச் சரியாகச் சுத்தம் செய்யாமையை. ஆகவே என் கதை விதிவிலக்கானதன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொல்லையில் இடுக்கி பிடித்தவனுக்குத்தான் பாராட்டு. இறைச்சியை முதல் நாளே மசாலாவில் ஊறவைத்தது, தட்டுகளைக் கழுவியது, மேசையைத் துடைத்தது எல்லாம் உள்ளே இருந்தவர்களின் வேலை. அடித்தட்டு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. சமையலறைக்கு வெளியே இருந்ததால் அது அவளுடைய வேலை அன்று. சமையல் முடிந்த பிறகு வருவதால் அது என்னுடைய வேலையும் அன்று. வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டு வளர்ந்தவன் நான். அழுக்கைத் தொடுகிறவர் வேறு யாரோ என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பது அன்று அந்தத் தட்டை வெளியே இழுத்தபோதுதான் தெரிந்தது. கறுத்துக் கெட்டியாகி, இரண்டு விரற்கடை உயரத்துக்கு நின்றது. அதை அள்ளி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

இப்போது எங்கள் வீட்டில் பற்றவைப்பவரே கழுவ வேண்டும். கழுவியது யார் என்று பார்த்த பிறகே அடுத்த முறை பற்றவைக்கும் உரிமை. சென்ற மே மாதம் பதினான்கு வயது மகன் தானும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றான். சரி என்றேன். முதலில் அடித்தட்டை இழுத்துப் பார் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே இழுத்தான். ஓரத்தில் கொஞ்சம் கொழுப்பும் ஒரு சிலந்தியும் இருந்தன. சிலந்தியைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்ப் புல்லில் விட்டுவிட்டு வந்து தட்டைக் கழுவ ஆரம்பித்தான்.