கடுகு சிறுத்தாலும்

தும்மலுக்கு ஒரு மாத்திரை. அரிப்புக்கு ஒரு மாத்திரை. மலைப்பாதைப் பயணத்தில் குமட்டாமலிருக்க ஒரு மாத்திரை. மூன்றும் வெவ்வேறு மருந்துகள் என்றே பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹிஸ்டமின் என்னும் பொருளின் செயலைத் தடுப்பதால் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் எனப் பெயர் பெற்றவை. "இந்தச் சிறு மாத்திரை என்ன செய்துவிடும்?" என்ற அலட்சியம் நம்மிடையே மிகுதி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை இங்கேதான் மறந்து விடுகிறோம்.

இம்மருந்தே வேண்டாம் என்று வாதிட நான் வரவில்லை. பார்த்தீனியக் களை மண்டிய கருநாடகத்தில் தோல் அரிப்பும் மூக்கொழுகலும் புதியன அல்ல. துன்பம் உண்மையானது, மருந்தும் வேண்டியதே. ஆயின் அது செய்வதை அறிந்து உண்ண வேண்டாமா?

ஒவ்வாமையின்போது தும்மலையும் அரிப்பையும் தூண்டுகின்ற அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழித்திருக்கச் செய்கிறது. குளோர்பெனிரமின், பெனிரமின், புரோமெத்தசின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் எளிதில் புகுகின்றன. தும்மல் நிற்கிறது, விழிப்பும் குன்றுகிறது. வாய் உலரலாம், பார்வை மங்கலாம், முதியவர்க்குச் சிறுநீர் தடைப்படலாம். இரவில் உண்டதன் மந்தம் மறுநாட் காலையிலும் நீடிக்கலாம். செட்டிரிசின் குறைவாகவே தூக்கம் தருவது. ஆயினும் சிலருக்குத் தரவே செய்யும். மதுவோ தூக்க மருந்தோ உடன் சேர்ந்தால் மயக்கம் பெருகும். அந்நிலையில் இருசக்கர வண்டியில் ஏறுபவர் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமாலோடும் பினைல்எப்ரினோடும் குளோர்பெனிரமினும் கலந்திருக்கிறது. அதை விழுங்கியவர் அரிப்புக்கென இன்னொன்றும் விழுங்கினால், அறியாமலே ஒரே வகை மருந்தை இருமுறை உண்டவராகிறார். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று உறையில் அச்சிடுமாறு 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆணையிட்டார். சிறு மாத்திரை என்ற எண்ணத்திற்கு இதைவிட மறுப்பு வேண்டுமோ?

டெர்பெனடினின் வரலாறும் நினைக்கத்தக்கது. தூக்கம் தராத மருந்தென்று அது புகழ் பெற்றது. கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றிவிடும் வரையில் தீங்கில்லை. எரித்ரோமைசினும் கீட்டோகோனசோலும் அம்மாற்றத்தைத் தடுத்தன. மாறாத மருந்து குருதியில் குவிந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்தது, சிலர் உயிரிழந்தனர். 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது மறைந்தது. கல்லீரல் ஆக்கித் தந்த அந்தப் பொருளே இன்று பெக்சோபெனடின் என்ற பெயரில் விற்கப்படுகிறது. இதயத்திற்கு அந்த இடர் இதில் இல்லை. ஆனால் ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றுடன் உண்டால் உடலில் சரிவரச் சேர்வதில்லை. தனித்து நல்லதாயிருப்பது கூட்டுச் சேர்ந்தபின் எப்படியிருக்கும் என்பதே கேள்வி.

நம் மருந்து விதிகளின் 'ஜி' அட்டவணை, பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் பலவற்றின் உறையில், மருத்துவர் மேற்பார்வையின்றி உண்பது ஆபத்து என எச்சரிக்கச் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எழுத்தோ எறும்பினும் சிறிது. இரண்டு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். பெயர் ஒரு துண்டோடு போகிறது, எச்சரிக்கை மறு துண்டோடு போகிறது!

கத்தரித்து விற்பதையே தடுத்துவிடலாமே என்பர் சிலர். கையில் பத்து ரூபாயே உள்ளவனுக்கு இரண்டு மாத்திரைதான் இயலும். அவன் வயிற்றில் அடிக்க வேண்டாம். மருந்தின் பெயரையும், "தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்" என்ற சொற்களையும் உறைமேல் கன்னடத்தில் எழுதித் தரட்டும். தமிழரும் உருதுக்காரரும் வந்து போகும் கடைகளில் அவர்கள் மொழியிலும் எழுதட்டும். ஒரு பேனாவும் ஒரு நிமிடமும் போதும்.

நம் பங்கும் உண்டு. வாங்கும்போது மருந்தின் பெயரைக் கேளுங்கள். வேறென்ன மருந்து உண்கிறீர்கள் என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். மருத்துவர் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புதிதாய் வந்து கன்னடம் பழகாத தமிழ் மாணவர்க்காக, இச்செய்திகளை இருமொழியில் ஒரே தாளில் அச்சிட்டு விடுதிதோறும் ஒட்ட நம் சங்கம் முன்வர வேண்டும். மொழிக்காகக் கூடியவர்கள் நாம். உயிர் காக்கும் சொல்லை மக்கள் மொழியில் கேட்பதும் மொழித் தொண்டே அன்றோ?