பால்மரக் காட்டில் வழிதேடும் ஓட்டம்

ஓரியண்டீரிங் எனப்படுவது, வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் துணையாகக் கொண்டு, முன்பின் அறியாத காட்டில் குறிக்கப்பட்ட இடங்களை வரிசை தவறாமல் கண்டுபிடித்து, குறைந்த நேரத்தில் முடிவிடத்தை அடையும் போட்டியாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன், நார்வே நாடுகளின் படைப் பயிற்சியிலிருந்து உருவாகி, 1897இல் நார்வேயில் பொதுமக்களுக்கான போட்டியாக நடத்தப்பட்டு, 1961இல் பன்னாட்டுக் கூட்டமைப்பையும் பெற்றுவிட்ட இவ்விளையாட்டு வடபுலத்து ஊசியிலைக் காடுகளில் பிறந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பால்மர (ரப்பர்) காட்டுக்குள் கொண்டுவந்தால் அதன் விதிகள் விநோதமான சோதனைக்கு உள்ளாகும்.

இப்போட்டிக்கான வரைபடத்தில், தடையின்றி ஓடக்கூடிய காடு வெள்ளையாகவும், அடர்ந்த புதர் பச்சையாகவும், வெட்டவெளி மஞ்சளாகவும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் பழுப்பாகவும் வரையப்படுகின்றன. நன்கு பராமரிக்கப்பட்ட ரப்பர் தோட்டம் இக்கணக்கில் முழு வெள்ளை; கால்களுக்கு அதைவிட வசதியான காடு கிடையாது. கண்களுக்கோ அதைவிடக் குழப்பமான காடும் கிடையாது. ஒரே வயதும் ஒரே இடைவெளியும் உடைய மரங்கள் நிரை நிரையாக நிற்க, ஒரு நிரையை அடுத்ததிலிருந்து பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. பேராக்கிலுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் திசைக்கு நல்ல அடையாளங்கள்தாம் என்றாலும், மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களை விட்டால் தழைக்கூரையைத் தாண்டி அவை கண்ணில் படுவது அரிது. காந்த வடக்கும் உண்மை வடக்கும் இப்பகுதியில் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், பிற நாடுகளில் செய்யவேண்டிய திருத்தக் கணக்கு வரைபடம் தயாரிப்பவருக்கு இங்கே மிச்சமாகிறது.

ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில், வேறெங்கும் எளிதில் கிட்டாத ஓர் உதவி உண்டு. மண் அரிப்பைத் தடுக்கச் சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் வெட்டப்பட்ட படிவரப்புகள் நடைமுறையில் சமவுயரக் கோடுகளே. தாளில் பழுப்புக் கோடாக ஓடுவது அங்கே, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரின் மண்வெட்டி வெட்டிய வடிவில், தரையிலேயே கிடக்கிறது. விடியுமுன் நெற்றி விளக்குடன் புறப்பட்டு, தமக்குரிய மர நிரைகளை இருட்டிலும் தவறவிடாமல் பாலுக்காகச் சீவி முடித்த அத்தொழிலாளர்கள், வழிதேடல் என்பதை விளையாட்டாக அல்லாமல் அன்றாடக் கூலிக்கான திறனாகக் கொண்டிருந்தார்கள் என்பதை, வெளிநாட்டு விளையாட்டு என்று இதனை ஒதுக்குவோர் கவனிப்பதில்லை.

இந்நிலத்தில் ஓடும் பழக்கமும் புதிதன்று. 1938இல் கிஸ்பர்ட் என்ற ஆங்கிலேயரும் நண்பர்களும் கோலாலம்பூரில் தொடங்கி, பின்னர் ஈப்போ உள்ளிட்ட பல நகரங்களுக்குப் பரவிய ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் ஓட்டத்தில், முன்னே செல்லும் 'முயல்' காகிதத் துண்டுகளைச் சிதறி வழி அமைக்க, பின்னே வரும் 'வேட்டை நாய்கள்' அதைத் தேடி ஓடுகின்றன. இடையிடையே பொய்வழிகளும் இருப்பதால், வேகமானவர் திசைமாறி அலைய, மெதுவானவர் அவரை எட்டிப் பிடித்துவிடுகிறார். இந்த நீதிதான் அவ்வோட்டத்தின் கவர்ச்சி. (ஓட்டம் முடிந்தபின் பரிமாறப்படும் பீருக்கும் அக்கவர்ச்சியில் பங்குண்டு.) ஹேஷ் ஓட்டத்தில் நிலத்தைப் படிப்பவர் முயல் ஒருவரே, மற்றவர் படிப்பது காகிதத்தை; வழிதேடல் ஓட்டத்திலோ ஒவ்வொருவரும் தாமே நிலத்தைப் படித்தாக வேண்டும்.

இவ்வோட்டத்துக்குக் களம் தேடும்போது, கிளேடாங் போன்ற இம்மாநிலக் காப்புக் காடுகளில் நுழைய வனத்துறையின் அனுமதி தேவைப்படுவதோடு, நூற்றுக்கணக்கான கால்கள் பாதையை விட்டு விலகி ஓடுவது அங்குள்ள இளஞ்செடிகளுக்கு நல்லதுமன்று. எனவே பேராக்கில் இத்தகைய போட்டிகளுக்குப் பொருத்தமான களம் பழைய பால்மரத் தோட்டமே எனலாம். அக்களமோ, 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்ட இம்மாநிலத்திலேயே, செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டுக் குறைந்துகொண்டு வருகிறது. செம்பனைக் காட்டில் வெட்டிப்போட்ட முள்மட்டைகள் வரிசை வரிசையாகக் குவிந்திருப்பதால் அங்கே ஓட்டம் நடையாகிவிடும். எஞ்சியுள்ள தோட்டங்களுக்கு வரைபடம் தயாரிக்க முனைவோர், வான்வழிப் படங்களில் தெரியாத வடிகாலையும் ஒற்றையடிப் பாதையையும் நடந்துதான் சரிபார்க்க வேண்டும். அந்நடைக்குத் துணையாக, அங்கே மரம் சீவி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரை, உரிய ஊதியம் கொடுத்து, முதலில் அமர்த்துவது நன்று.