நாலாம் அடுக்குக்குப் பயந்து பாடத்தை மாத்தாதீங்க



போன கிழமை முருங்கன் சந்தியில் ஒரு வாப்பாவைக் கண்டேன். மகளுக்கு சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ. "உயர்தரத்துக்கு கலைதான் எடுக்கப் போறா சேர். மச்சான்ட மகன்ட இணைந்த கணிதக் கொப்பியைப் பார்த்துப் பயந்துட்டா. நாலாம் அடுக்கெல்லாம் வருதாம்" என்றார்.

கலைப் பிரிவு குறைவானதல்ல. விரும்பி எடுத்தால் சந்தோஷம். பயந்து எடுப்பதுதான் எனக்குக் கவலை. அந்தப் பயத்தில் பாதி எங்களைப் போன்ற ஆசிரியர்கள் கொடுத்தது. நாலாம் அடுக்கைப் புதுப் பேய் மாதிரிக் காட்டுகிறோம். பள்ளிக்கூடத்தில் வரும் அனேக நாற்படிச் சமன்பாடுகள், கொஞ்சம் தட்டினால் பதினோராம் ஆண்டு இருபடியாகிவிடும்.

1150 இல் பாஸ்கரர் பீஜகணிதத்தில் தந்த கணக்கைப் பாருங்கள். நாம் எக்ஸ் போடும் இடத்தில் அவருக்கு 'யா'.

யா⁴ − 2யா² − 400யா = 9999

இரண்டு பக்கமும் 400யா + 1 கூட்டினால் இடப்பக்கம் நிறைவர்க்கம். ஆனால் வலப்பக்கம் 400யா + 10000, அது வர்க்கமாகாது. இங்கே புத்தியைப் பாவிக்க வேண்டும் என்று அவரே சொல்கிறார். பிறகு 4யா² + 400யா + 1 கூட்டுகிறார்.

(யா² + 1)² = (2யா + 100)²

இனி யா² − 2யா = 99. வெறும் இருபடி. யா = 11. (−9 உம் பொருந்தும். வர்க்கமூலத்தின் மறைக் குறியை எடுத்தால் மெய்த் தீர்வு இல்லை.)

இதில் உள்ள ஒரே ஆயுதம் நிறைவர்க்கமாக்கல். அதைத்தான் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அல்குவாரிஸ்மி சதுரம் வரைந்து விளக்கினார். அவர் எங்கட ஆள் என்று போஸ்டர் பகிர்வதில் நாம் கெட்டிக்காரர். அந்தச் சதுரத்தைப் பிள்ளைக்கு வரைந்து காட்டியவர் எத்தனை பேர்?

எல்லாச் சமன்பாடும் இப்படி மடங்காது. ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரமே இல்லை என்று 1824 இல் ஆபெல் நிறுவினார். அது வேறு கதை.

அடுத்த நாள் வாப்பா மகளைக் கூட்டி வந்தார். யா⁴ − 13யா² + 36 = 0 எழுதிக் கொடுத்தேன். யா² ஐ வேறு எழுத்தாக்கி 4, 9 எடுத்தா. பிறகு 2, 3. மறை விடைகள் இரண்டையும் விட்டுட்டா, அதற்குப் புள்ளி குறைத்தேன். கலையா கணிதமா என்று இன்னும் முடிவில்லை.

இதே யோசனையில் வேறு பிள்ளைகள் இருந்தால், வெள்ளி அஸருக்குப் பிறகு கொப்பியோட வரச் சொல்லுங்க.