வாழ்க்கைக்கேற்ற கல்வியா, வசூலுக்கேற்ற கல்வியா?

வாழ்க்கைமுறைக்கு ஏற்ற இணையவழிக் கற்கைநெறியைத் தெரிவு செய்யுமாறு அழைக்கும் விளம்பரங்கள் இப்போது மலிந்து கிடக்கின்றன. அழைப்பு இனிமையானதுதான். ஆனால் அழைப்பவர்களில் எத்தனை பேர் நமது வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்கின்றனர்? பணம் செலுத்தும் வழியை மட்டும் விரிவாக விளக்கிவிட்டு, தெரிவின் பொறுப்பை மாணவரின் தலையில் கட்டிவிடுகின்றனர். அவர் இடைநடுவில் கைவிட்டால் சோம்பேறி என்ற பழியும் அவருக்கே.

தூரத்திலிருந்து கற்பது நமக்குப் புதியதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே வெளிவாரிப் பரீட்சைகளுக்கு வழி திறந்தது. 1921 இல் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்களும் அந்தப் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1980 இல் உருவான இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடநூல்களை மாணவரிடம் சேர்ப்பித்தது. சந்தேகம் கேட்கப் பிராந்திய நிலையங்களில் வகுப்புகளையும் நடத்தியது. பாடநூலைப் படிக்க மின்சாரமும் வேண்டியதில்லை, சிக்னலும் வேண்டியதில்லை. தொழில் செய்துகொண்டே பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே பலர் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம் எனலாம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த அனுபவம் முழுவதையும் மறந்தோம். வகுப்பறையை அப்படியே தூக்கிச் சூம் திரையில் வைத்தோம். 2021 இல் கிராமப்புறப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறியதை உலகமே பார்த்தது. 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஒரு மணித்தியால நேரலை வகுப்பு நூற்றுக்கணக்கான மெகாபைற் டேற்றாவை விழுங்கும். அதே பாடத்தின் எழுத்துப் பிரதி ஒரு சில மெகாபைற்றுக்குள் அடங்கிவிடும். அப்படியிருந்தும் நேரலைதான் உண்மையான வகுப்பு என்ற மயக்கம் இன்னும் தீரவில்லை.

மறுகோடியில் நிற்பது, விரும்பிய நேரத்தில் விரும்பிய வேகத்தில் படிக்கலாம் என்ற வாக்குறுதி. ஹாவர்ட், எம்.ஐ.ரி ஆகியவற்றின் திறந்த இணையக் கற்கைநெறிகளைப் பற்றி 2019 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வின்படி, 2017-18 இல் பங்கேற்றவர்களில் முடித்தவர்கள் ஏறத்தாழ 3 வீதத்தினர் மட்டுமே. இலவசமாக எட்டிப் பார்க்க வந்தவர்களையும் சேர்த்த கணக்கு இது என்று வாதிடலாம். நியாயமான வாதமே. ஆனால் சான்றிதழுக்காகப் பணம் செலுத்தியவர்களிலும் பாதிப்பேர் அவ்வாண்டில் முடிக்கவில்லை. சுதந்திரம் என்ற பெயரில் ஆசிரியரையே அகற்றிவிட்டால் வேறென்ன நடக்கும்?

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரொறன்ரோவில் மாரிக்காலத்து மாலை 7 மணி, யாழ்ப்பாணத்தில் மறுநாள் அதிகாலை 5.30. லண்டனில் இரவுப் பணி செய்யும் தாதிக்கும், பிள்ளைகளை உறங்கவைத்த பின்னரே புத்தகத்தைத் திறக்கும் தாய்க்கும், தினமும் குறித்த நேரத்தில் திரைமுன் அமருமாறு கட்டளையிடுவது கதவைச் சாத்துவதற்குச் சமம்.

எனது நிலைப்பாடு இதுதான். பாடம் பதிவாகவும் எழுத்தாகவும் கைக்கு வரவேண்டும். வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது பெயர் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் கேள்வி கேட்க இடமிருக்க வேண்டும். ஒப்படைகளுக்குத் திகதி குறிக்கப்பட வேண்டும். உழைத்துக்கொண்டே படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: பாடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாமா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? விடைத்தாளைத் திருத்துவது யார்? இடையில் விலகினால் பணம் திரும்புமா? பட்டம் எனின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா? இவற்றுக்கு நேரான பதில் தராத நிறுவனம் எவ்வளவு அழகிய திரையைக் காட்டினாலும், அங்கே சேராதீர்கள். பணத்தைப் பிறகும் உழைக்கலாம். வேலை முடிந்து களைத்த இரவுகளில் திருடிச் சேர்த்த படிப்பு நேரத்தை எவரும் திருப்பித் தரப்போவதில்லை.